மஞ்சுக்கு முறை வைத்த ஊர்

சித்திரை வெயிலில் தார்ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்ட ஒரு காலையில், என் தங்கச்சி தன்ஷிகா பாயில் எழுந்து உட்கார்ந்து, எழுந்ததும் மரக்கட்டையாய் விறைத்துக்கொள்கிற வலது முட்டியைத் தேய்த்து, மடக்கி, நீட்டி, அப்புறம் இடது கண்ணைத் திறந்தாள். அதிலிருந்து மஞ்சு வந்தது.

மூடுபனியைத்தான் நாங்கள் மஞ்சு என்போம். அது ஊட்டிக்குப் போனவர்கள் போட்டோவில் கொண்டுவருகிற சாமான். எங்கள் ஊர் ஊசிக்கரட்டுக்கு அது மார்கழியில் வழி தவறிக்கூட வந்ததில்லை. இப்போது டீக்கு ஆவி பறக்கிற மாதிரி தங்கச்சியின் கண்ணிலிருந்து கிளம்பி, தலையணையைத் தாண்டி, தண்ணிக்குடத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று யோசித்து, கதவிடுக்கில் நுழைந்து வெளியேறி, வாசலில் இருந்த கோழிகளை நனைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தது.

"வலிக்குதா சாமி?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

"எரியுதா? உறுத்துதா?"

"ஒண்ணும் பண்ணல."

அம்மா கீழிமையை இழுத்துக் கண்ணைப் பார்த்தாள். சிவப்பு இல்லை, பீளை இல்லை, துடைத்துவைத்த பீங்கான் மாதிரி வெள்ளையாக இருந்தது. "அப்பப் பல்ல வெளக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா தறிக்கு ஓடினாள். அப்பா லாரியில் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு சூரத் பக்கம் போயிருந்தார். போனில் சொன்னதற்கு, "வலிக்கலீங்கறாள்ல, வுடு" என்றார். மஞ்சு அதற்குள் மாரியம்மன் கோயிலைத் தாண்டிவிட்டது.

வெயில் காலத்தில் எங்கள் ஊரில் நூல் செத்துப்போகும். காய்ந்த காற்று பட்டறைக்குள் நுழைந்தால் தறியில் நெடுக்காக ஓடும் பாவில் இழை பட்டுப்பட்டென்று அறும், அறுந்த இழையை முடிகிறவரை தறி நிற்கும், தறி நின்றால் கூலியும் நிற்கும். அதனால் சன்னலுக்கெல்லாம் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அப்படியும் அறுகிற நூலையும் ஈபி ஆபீசையும் சூரியனையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே நாளை ஓட்டுவார்கள். அன்றைக்கு மஞ்சு ஒவ்வொரு பட்டறையாக நுழைந்து தறிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டதும், நூல் ஈரம் குடித்து மினுமினுத்தது, ஒரு இழை அறவில்லை, தடக்குத்தடக்கென்று ஊர் முழுக்கத் தறிகள் நிற்காமல் ஓடின, பெண்கள் முடிச்சுப்போட வேலையில்லாமல் ஒருத்தி கையை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். வாரம் திரும்புவதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி காலையிலேயே தீர்ந்தது, காயப்போட்ட துணி காயவில்லை என்று சண்டை வந்தது, பரணில் கிடந்த ஸ்வெட்டர்கள் பாச்சை உருண்டை வாசத்தோடு கீழே இறங்கின, பக்கத்து ஊர்க்காரர்கள் பைக்கில் வந்து மஞ்சுக்குள் நின்று செல்பி எடுத்து, எதுவும் விழாத வெள்ளைப் படத்தைக் குழுவில் போட்டு "நான் எங்கே இருக்கேன் சொல்லு" என்று கேட்டார்கள். கவுன்சிலர் ஆட்டோவில் மைக் கட்டினார்: "வாகன ஓட்டிகள்! முகப்பு விளக்கை! எரியவிட்டுச் செல்லுமாறு! அன்புடன்!" மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் கைதட்டலை எதிர்பார்த்து நிறுத்துவார்; அந்த ஆட்டோ எங்கள் தெருவைக் கடந்த பிறகும் அதே அறிவிப்பு வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு முறை வந்தது, "கவுன்சிலரின் மனைவி! தேடுவதால்! உடனே வீடு திரும்புமாறு!" என்ற சேர்க்கையோடு. மரத்துக்குப் பின்னால் நான் இருந்தேன்.

கொரலெடுப்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. கண்டக்டர், ஹெட்மிஸ்ட்ரஸ், டிவியில் நகை விற்கிற அக்கா, எல்லாரும் என் தொண்டையில் குடியிருந்தார்கள். அம்மா வேலை செய்த பட்டறையின் முதலாளி சென்னியப்பன் கொரலுக்கு முதலில் ஒரு செருமல், அப்புறம் சொல்ல வந்தது, கடைசியில் "நாஞ் சொல்றது புரியுதா?" அவ்வளவுதான். அதைப் போட்டு நான் நிறுத்திய மோட்டார்கள் கொஞ்சநஞ்சமில்லை.

ஊரிலேயே என்னிடம் ஏமாறாத ஒரே ஆள் தன்ஷிதான். அவள் தறிக்கு நடுவே தொட்டிலில் வளர்ந்தவள். பட்டறை இரைச்சலில் கத்தினாலும் கேட்காது, அதனால் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அந்தப் பாஷை அவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. நான் யார் கொரலெடுத்தாலும் நேரே வந்து என் வாயைப் பார்ப்பாள். "சிந்து அக்கா, நீதான்!" என்று பொக்கைப் பல்லைக் காட்டுவாள். அவளை ஒரு தடவையாவது ஏமாற்றிவிட வேண்டும் என்பதுதான் என் வாழ்க்கை லட்சியம்.

மஞ்சு எல்லாப் பட்டறைக்கும் சமமாகப் போகவில்லை, தன்ஷி இருக்கிற இடத்தில் அடர்த்தியாகவும் கடைசித் தெருவில் நூலாம்படை மாதிரியும் இருந்தது என்று பஞ்சாயத்து கிளம்பியதும், சென்னியப்பன் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணிக்கு முறை வைப்பது வழக்கம்: இன்றைக்கு உன் காட்டுக்கு, நாளைக்கு என் காட்டுக்கு. அதே கணக்கில் மஞ்சுக்கும் முறை வைத்தார்கள். காலையில் வடக்குப் பட்டறை, உச்சிக்குச் சென்னியப்பன் பட்டறை, மதியத்துக்கு மேல் கடைசித் தெரு. முட்டி வலிக்கும் பிள்ளை நடக்க வேண்டாம் என்று பிளாஸ்டிக் நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிப்போவார்கள். போகிற இடமெல்லாம் அவளுக்கு முறுக்கு, மாம்பழ ஜூஸ், தலைவாரல், கொஞ்சல். யாரும் கெட்டவர்கள் இல்லை. பக்கத்துத் தறி பொன்னாத்தா பெரிம்மா அவளுக்குத் தன் கையாலேயே ஒரு கம்பளிக் குல்லாய் பின்னிப்போட்டாள்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் எங்கள் பட்டறையில் கரண்டு போனது. தறிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. தன்ஷி நாற்காலியில் இருந்தாள். கை நீட்டினால் மூக்கைத் தொடுகிற தூரத்தில் போய் நின்று, அவள் முகத்துக்கு நேராகவே, ஒளியாமல் மறையாமல், அம்மா கொரலில் சொன்னேன்: "கண்ணு, பசிக்குதா?"

"அம்மா!" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை. பொன்னாத்தா பெரிம்மா கொரலில் கூப்பிட்டேன், "பெரிம்மா" என்றாள். சென்னியப்பனாகச் செருமினேன், குல்லாயைச் சரிசெய்துகொண்டு ஒழுங்காக உட்கார்ந்தாள். உதட்டை மட்டும் அசைத்து, சத்தமே இல்லாமல், "நாந்தான்டி, சிந்து" என்று சொல்லிப்பார்த்தேன். மஞ்சு வருகிற கண்ணும் மஞ்சு வராத கண்ணும் என் முகத்தின் மேலேயே இருந்தன, முகத்தில் எங்கேயும் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டிருந்தன.

"அம்மா, அவளுக்குத் தெரியல" என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"உன்ற வெளையாட்டுக்கு ஒரு நேரங்காலம் இல்லையா?"

"வெளையாட்டில்ல. நீயே போய் வாயத் தொறக்காம முன்னால நில்லு."

அம்மா போய் நின்றாள். தன்ஷி அம்மாவைத் தாண்டிப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து, கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அதே இடத்தில், ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டதும் சென்னியப்பன் செருமினார். "போ, வேண்டாங்கல. இந்தப் பாவு நெய்து முடிஞ்சு எறங்கட்டும். மாரியம்மன் நோம்பி வேற வருது. வலியில்ல, செவப்பில்ல, வலிக்காத கண்ணுக்கு என்ன அவசரம்? நாஞ் சொல்றது புரியுதா?" அம்மா தலையாட்டிவிட்டு வந்து தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றுமே செய்யாமல் குறுக்கு நூலோடு நாடா போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் ஆபீஸ் போனை எடுத்து, ஒரு செருமல் செருமி, வேன் டிரைவர் மயில்சாமியைக் கூப்பிட்டேன்.

"மயிலு, வண்டிய எடு. வளர்மதியையும் புள்ளையையும் கோயமுத்தூருல கண்ணாஸ்பத்திரியில காட்டிக் கூட்டியாந்துரு. இப்பவே. நாஞ் சொல்றது புரியுதா?"

"புரியுதுங் மொதலாளி!"

அம்மாவுக்கும் அப்படித்தான் புரிந்தது. வேன் பல்லடம் தாண்டிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்து அவளுக்கு வேறு மாதிரி புரிந்தது. திட்டவில்லை, என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சென்னியப்பன் பிற்பாடு விஷயம் கேள்விப்பட்டு, "நா எப்படா சொன்னேன்?" என்று மயில்சாமியை அடிக்கப்போகும்போது, ஊரே அவரைத் தர்மப்பிரபு என்று புகழ்வது காதில் விழுந்து, "சொன்னேன்தான்... சொல்லாம இருப்பனா" என்று முடித்துக்கொண்டார்.

டாக்டர் ஷெரினுக்கு மலையாளம் லேசாக ஒட்டிய தமிழ். இருட்டறையில் தன்ஷியின் தாடையை ஒரு மேடையில் வைக்கச்சொல்லி, மெல்லிய கோடு மாதிரி வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். மஞ்சு வந்து அவர் கருவிக் கண்ணாடியை மூடியது. துடைத்தார். மறுபடி மூடியது. மறுபடி துடைத்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"முட்டி எப்போலேர்ந்து வீங்குது?"

அம்மா விழித்தாள். "போன தையிலருந்துங்க. வெளையாடி விழுந்திருப்பாள்னு..."

"விழல. மூட்டுல வர்ற வாதம், குழந்தைங்களுக்கும் வரும். அதே கோளாறு கண்ணுக்குள்ளயும் போயிருக்கு. உள்ளே அழற்சி. இதுல வலிக்காது, சிவக்காது, குழந்தை சொல்லாது. அதுதான் இதோட கள்ளத்தனம், கேட்டோ? கண்ணோட பாப்பா வட்டமா இருக்கணும். இங்கே பாருங்க, பின்னால லென்ஸோட ஒட்டிக்கிட்டு ஓரமெல்லாம் பிய்ஞ்சிருக்கு. இடதுல புரை ஆரம்பிச்சாச்சு. வலதுலயும் அழற்சி உண்டு, அதைக் காப்பாத்திரலாம். இடது எவ்வளவு வரும்னு இப்போ சொல்ல மாட்டேன்."

மணிக்கொரு சொட்டு. ஒட்டினதைப் பிரிக்க இன்னொரு சொட்டு. வாரத்தில் ஒருநாள் மட்டும் ஒரு மாத்திரை. ரத்தம் பார்க்கணும், கண் அழுத்தம் பார்க்கணும், நல்லாத் தெரிகிறபோதும் வந்து காட்டணும். "சொட்டை நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா கூட்டவும் கூடாது. கூடினா அதுவே அழுத்தத்தை ஏத்தும், புரையையும் வளர்க்கும். விட்டுவிட்டுப் போட்டா இது திரும்பி வரும்."

சொட்டு விழுந்த அன்றே மஞ்சு இளைத்தது. மறுநாள் கடைசித் தெருவுக்கு எட்டவில்லை. அதற்கடுத்த நாள் சன்னலில் சாக்கு ஏறியது, பட்டுப்பட்டென்று இழை அறுகிற சத்தம் ஊருக்குள் திரும்பி வந்தது. சாயங்காலம் எங்கள் வாசலில் ஆட்கள் நின்றார்கள். கோபமாக இல்லை, கோயில் வரி கேட்க வருகிறவர்கள் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு.

"வைத்தியம் வேண்டாங்கல வளரு. புள்ளைதான் முக்கியம்."

"ஒரு கண்ணுக்கு மட்டும் பாத்தா ஆகாதா? இன்னொண்ணு பாட்டுக்கு வரட்டுமே."

"அட, மழை வர்ற வரைக்குந்தான்."

அம்மா எழுந்து நின்று, "அவ ரெண்டு கண்ணுலயும் சொட்டு விழும்" என்றாள். அம்மாவின் கொரலை நான் ஆயிரம் முறை எடுத்திருக்கிறேன். இது அதில் இல்லாத கொரல்.

ஆனால் அம்மா தறிக்குப் போகாமல் முடியாது, நான் பள்ளிக்கூட லீவில் எங்கள் பட்டறையில் நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். "புள்ளைய நாங்க பாத்துக்கறோம், சொட்டும் வுடறோம், எங்க புள்ள இல்லையா?" என்று சென்னியப்பன் முன்னால் எல்லாரும் சொன்னார்கள், மனசாரத்தான் சொன்னார்கள். ஆகவே முறை தொடர்ந்தது. நாற்காலியோடு சொட்டுப்புட்டியும் பட்டறை பட்டறையாகப் போனது. அங்கேதான் எங்கள் ஊர் தவிர வேறு எந்த ஊரும் செய்யமுடியாத தப்பு நடந்தது. வடக்குப் பட்டறைக்காரர்கள் நினைத்தார்கள்: நம்ம முறையில் மட்டும் சொட்டு விடாமல் இருந்தால் கொஞ்சம் மஞ்சு வரும், மீதி நேரமெல்லாம் மற்றவர்கள் விடப்போகிறார்கள், பிள்ளைக்கு என்ன குறை. கடைசித் தெருக்காரர்களும் அதையே நினைத்தார்கள். எங்கள் பட்டறைக்காரர்களும், "இப்பத்தான் வுட்டோம்" என்று அம்மாவிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டே. வாய்க்காலில் மடையை லேசாகத் திறந்துவைப்பவன் ஒவ்வொருத்தனும் தன்னை மட்டும்தான் நினைத்துக்கொள்கிறான். மஞ்சு மறுபடி பெருத்தது. இப்போது வலது கண்ணிலிருந்தும் வந்தது. மருந்துக்கு அடங்காத மஞ்சு என்று ஊர் பேசிக்கொண்டது. அம்மா ராவெல்லாம் தூங்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் கேக்கமாட்டேங்குது, ஏன் கேக்கமாட்டேங்குது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு உச்சிப்பொழுது, முறை மாறுகிறபோது நாற்காலியோடு வந்த சொட்டுப்புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என்றைக்கோ தீர்ந்து அடுத்தது வாங்கியிருக்க வேண்டிய மருந்து, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, குளம் மாதிரி அசையாமல் நின்றது. நாற்காலி உள்ளே போய்விட்டது. மஞ்சு வாசல்படிவரை வழிந்து நிற்க, நான் புட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன், யாரை முதலில் கடிப்பது என்று தெரியாமல். அப்போது கரண்டு போனது.

தறிகள் நின்றன. அம்மா குடிதண்ணிக்குக் குடத்தோடு போயிருந்தாள், மற்ற அத்தனை பேரும் உள்ளே இருந்தார்கள், ஒருத்தர் கூட ஒருத்தருக்குத் தெரியவில்லை, மஞ்சு அவ்வளவு. எல்லாரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்க வேண்டும். அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கொரல் வந்தது:

"எல்லாரும் எங்க போயிட்டீங்க?"

பட்டறையே கொல்லென்று சிரித்தது.

"அடியே சிந்து! புள்ள கொரலக்கூட வுட்டு வெக்கலையாடி நீயி!"

"அச்சு அசலு! கொஞ்சம் அழுகையையும் கலந்துட்டா பாரு!"

"அம்மா? பெரிம்மா?" என்றது கொரல். "என்னைய வுட்டுட்டுப் போயிட்டீங்களா?"

சிரிப்பு இன்னும் கூடியது. பொன்னாத்தா பெரிம்மாவின் கெக்கலிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. நான் வாயைத் திறந்தேன். அது நானில்லை என்று சொல்லவேண்டும். தொண்டையில் கண்டக்டர் இருந்தார், கவுன்சிலர் இருந்தார், நகைக்கார அக்கா இருந்தாள், வந்தது ஒரு செருமல். சென்னியப்பன் செருமல். உள்ளே ஒருவன் விசிலடித்தான். இரண்டாவது தடவை, எதையும் போடாமல், வெறும் தொண்டையால் கத்தினேன். யாருடையதென்று எனக்கே தெரியாத, கரகரவென்று உடைந்த ஒரு கொரல் வாசல்படியிலிருந்து உள்ளே போனது.

"நான் வெளிய இருக்கறேன்! உள்ள பேசறது தன்ஷி!"

சிரிப்பு ஒவ்வொரு தறியாக நின்றது.

மஞ்சுக்குள் நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் காலை விந்தி விந்தி நடக்கிற சத்தம். அப்புறம் ஏதோ மோதுகிற சத்தம். நான் உள்ளே பாய்ந்தபோது, பிள்ளை இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்து, பொன்னாத்தா பெரிம்மாவின் வயிற்றில் முட்டி, சேலையைத் தடவி, கழுத்தைத் தடவி, எக்கி மோவாயைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மாவா?"

பெரிம்மா குனிந்து அந்த முகத்தைத் தன் மூக்கருகே தூக்கினாள். தலைமுடியிலும் மெல்லிசான இழையை பட்டறை இருட்டில் தேடிப்பிடித்து முடிகிற பொம்பளை அவள். மஞ்சை ஊதி விலக்கிவிட்டு, அத்தனை நாளில் முதல்முறையாக அதற்குப் பின்னால் இருந்த கண்ணைப் பார்த்தாள்: ஓரம் பிய்ந்த பாப்பா, அதற்குள் சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஒரு வெளுப்பு. பெரிம்மாவின் வாய் கோணியது. நான் புட்டியை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள், முதல் சொட்டு கன்னத்தில்தான் விழுந்தது.

அன்றோடு முறை ஒழிந்தது. யாரும் கூட்டம் போட்டு ஒழிக்கவில்லை. அடுத்த நாள் நாற்காலியைத் தூக்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். மயில்சாமி தானாகவே வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். டாக்டர் ஷெரின் பார்த்துவிட்டு அம்மாவைத் திட்டினார், அப்புறம் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து. வெயில் ஏறியது, ஸ்வெட்டர்கள் பரணுக்குப் போயின, பைக்கில் வந்தவர்கள் திரும்பிப்போனார்கள், தறிகள் நின்று நின்று ஓடின. வலது கண் மெதுவாகத் தெளிந்து, முதலில் என் வளையலையும், அப்புறம் சுவரில் பல்லியையும், அப்புறம் பல்லியின் வாலையும் கண்டுபிடித்தது. இடது கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டும். ஆனால் உள்ளே இருக்கிற நெருப்பு முழுசாக அடங்கி, மாதக்கணக்கில் அடங்கியே இருந்தால்தான் கைவைக்க முடியும், நடுவில் ஒருநாள் கிளம்பினாலும் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கைவைத்தாலும் எவ்வளவு தெரியும் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நாங்களும் கேட்பதை நிறுத்திவிட்டு, கேட்காமலும் இருக்கமுடியாமல், ஒவ்வொரு தடவையும் அந்த இருட்டறை வாசலில் செருப்பைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி நிற்கிறோம்.

நேற்று மதியம் அனல் காற்று. அம்மா பாவு பிணைக்க வடக்குப் பட்டறைக்குப் போயிருந்தாள். பொன்னாத்தா பெரிம்மாவின் தறியில் ஒரே நேரத்தில் கொத்தாக இழை அறுந்து தொங்கியது. முடிச்சுப்போட்டால் அறுகிறது, அறுந்தால் முடிச்சுப்போடுகிறாள், வாயில் நூல், விரலில் நூல், நெற்றியிலிருந்து வியர்வை நூல்மேலேயே சொட்டுகிறது. பாதி முடிச்சில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாயிலிருந்த நூலைத் துப்பினாள். ஓடுகிற பக்கத்துத் தறியையும் சேர்த்து நிறுத்திவிட்டு, கையைப் பக்கெட்டில் கழுவி, சேலையில் துடைக்காமல் உதறிக் காயவிட்டு, தன்ஷியிடம் வந்தாள். தன்ஷி கேட்காமலே முகத்தை மேலே தூக்கினாள். வலதில் ஒன்று. இடதில் ஒன்று. இடது கண்ணின் ஓரத்திலிருந்து பீடிப்புகை அளவுக்கு ஒரு துண்டு மஞ்சு எழுந்து, குளிர்ச்சியாக, அறுந்து தொங்கும் பாவின் பக்கமாக நகரப்பார்த்தது.

பெரிம்மா முந்தானையை எடுத்து, கோழியை விரட்டுகிற மாதிரி அதை வாசலுக்கு விரட்டினாள். "போ. போங்கறேன்ல. அங்குட்டுப் போ."